நூறாவது கொட்டை

நத்தம் புளி பத்துக் கிலோ.
பங்குனி வெயிலில் நாலு நாள் காய்ந்தது.
நடுவீட்டில் பேப்பர் விரித்துக்
கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.
விரலெல்லாம் பிசுபிசுப்பு.
போன் அடித்தால் மூக்கால்தான் எடுக்க வேண்டும்.

தன்ஷிகாவுக்கு நாளைக்கு
நூறு கொட்டை கொண்டுபோக வேண்டும்,
பத்துப் பத்தாகக் கட்டி.
யூகேஜி மிஸ் சொன்னால் சொன்னதுதான்,
நான் சொன்னால் அது காற்று.
தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது
என்று வந்தவள் நின்றாள்.
மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.
"ஒண்ணு காணோம்மா."
வீடெல்லாம் கொட்டை கிடக்கிறது,
ஒன்றை எடுத்து நீட்டினேன்.
அது வேறயாம்.

லோகித் சுவரோரமாக நின்றான்.
இரண்டே முக்கால் வயசு.
அவன் சத்தமில்லாமல் நின்றால்
எங்கேயோ எதையோ திறந்துவிட்டிருக்கிறான் என்று அர்த்தம்.
"மூக்கு சாப்பிட்டுருச்சு" என்றான்.

அண்ணாக்கப் பிடித்து டார்ச் அடித்தேன்.
வலது துவாரத்துக்குள்ளிருந்து
பழுப்பாக, பளபளவென்று
ஒரு கண் என்னைப் பார்த்தது.

ஹேர்பின் எடுத்தேன். வைத்துவிட்டேன்.
மாடி வீட்டு ரெஜினா அக்கா
மூக்குப்பொடி காட்டச் சொன்னார்,
தும்மினால் வந்துவிடுமாம்.
அவருக்குப் போன் போட்டேன்.
லோடு லாரி ஓசூரில் நின்றது.
"எந்த மூக்கு?" என்று கேட்டார்.
எந்த மூக்கென்று தெரிந்து
ஓசூரிலிருந்து என்ன செய்வார்?

துப்பட்டாவால் அவனை வயிற்றோடு கட்டி
இவளைப் பின்னால் உட்கார்த்தி
"இடுப்பை விட்டே, கொன்னுருவேன்" என்று சொல்லி
வில்லாபுரத்திலிருந்து
தெற்குவாசல் பாலம் ஏறினேன்.

ஒன்பதரை மணிக்கு
ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்தது.
தோசைக்கல்லில் கரண்டி தட்டும் சத்தம்
கீழவாசல் வரைக்கும் கூடவே வந்தது.
யானைக்கல் தாண்டி வைகைப் பாலத்தில்
"தண்ணி கெடக்கா?" என்று கேட்டான்
ஒற்றை மூக்குக் குரலில்.
"ஒரு எருமைக்குக் கெடக்கு."
"எந்த எருமைக்கு?"
அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.
ஹெல்மெட்டுக்குள் அழலாம், யாருக்கும் தெரியாது.
கண்ணாடி மட்டும் கொஞ்சம் மங்கும்.

பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர்
"என்ன?" என்றார்.
"புளியங்கொட்டை."
எழுதினார். நிமிரவில்லை.
"நேத்துப் பட்டாணி" என்றார்
பக்கத்து நாற்காலியிடம்.

செலின் சிஸ்டர் விளக்கைக் கிட்டே இழுத்தார்.
தட்டில் கொக்கி இருந்தது, இடுக்கி இருந்தது.
தொடவில்லை.
"டாக்டர் வர்றதுக்குள்ள ஒண்ணு செஞ்சு பாப்பம்.
நல்ல மூக்கை நான் பொத்திக்கிறேன்.
நீ முத்தம் குடுக்குற மாதிரி வாய வச்சு
ஒரே ஊது. பலூனு ஊதுவேல்ல, அப்பிடி."

முத்தம் கொடுத்தால்
புறங்கையால் கன்னத்தைத் துடைக்கிறவன்
வாயைத் திறந்தான்.
பிஸ்கட் வாசனை. அதற்கடியில் புளி.
முதல் தடவை ஒன்றும் வரவில்லை.
இரண்டாவது தடவை
மூச்சை இழுத்துப் பிடித்தேன்.
ஏறாதே, இறங்கு, தொடாதே, துப்பு என்று
காலையிலிருந்து இவன்மேல் செலவழித்த
அதே மூச்சுதான்.
என் உள்ளங்கைக்குக் கீழே
அவன் நெஞ்சு எழும்பியது.

சளியோடு வந்து
என் கன்னத்தில் ஒட்டியது.
"இன்னொருக்கா" என்றான்.

தன்ஷிகா பெஞ்சிலிருந்து இறங்கி வந்தாள்.
தம்பியைப் பார்க்கவில்லை.
என் கன்னத்திலிருந்து அதை எடுத்துக்
கவுனில் துடைத்து
"நூறு" என்றாள்.

வீடு வந்தபோது பதினொன்றே கால்.
பேப்பரில் எறும்பு.
இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டுத் தூங்க
நான் உட்கார்ந்து
பத்துப் பத்தாகத் துணியில் முடிந்தேன்.
அந்த ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவிக்
காயட்டும் என்று மற்றதோடு வைத்திருந்தேன்.
இப்போது எது அது என்று தெரியவில்லை.
எல்லாம் ஒரே மினுக்கம்.
ஆறு கிலோ இன்னும் பாக்கி.

போனில் ஓசூரிலிருந்து ஏழு அழைப்பு.
ஒரு விரலை மட்டும் நைட்டியில் துடைத்துக்கொண்டு
ஒரே ஒரு சொல் அனுப்பினேன்:
வலது.